குளத்தில் பிடித்த வெளிநாட்டு மீனை இனங்கண்டு வீட்டில் வளர்ப்பது: யாழ்ப்பாணத்தில் தொடங்குவோருக்கு

மாரி ஓய்ந்து தை பிறந்ததும் வயற்கரை வாய்க்காலிலும் குளத்து ஓரத்திலும் குஞ்சு மீன்கள் கூட்டமாகத் திரியும். ஒரு போத்தலில் அள்ளிக்கொண்டு வந்து தொட்டியில் விட்ட பிறகுதான் "இது என்ன மீன்?" என்று பலரும் கேட்கிறார்கள். வேலையின் ஒழுங்கு அங்கேயே தலைகீழாகிவிடுகிறது. தொட்டி பழுக்க, அதாவது மீனின் கழிவைச் சிதைக்கும் நல்ல பற்றீரியா வடிகட்டியில் வளர, ஐந்து கிழமை, அனுமதி கேட்க ஒரு கிழமை, இனங்காணப் பழக ஒன்றிரண்டு நாள். இவை முடிந்த பிறகு, கடைசியாகத்தான் மீன் பிடிக்கப் போகவேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த மீனும் அது இருந்த தண்ணீரும் திரும்ப எந்த நீர்நிலைக்கும் போகக்கூடாது. பிடித்த அதே குளத்துக்கும் கூடாது. தொட்டியில் தொற்றிய நோய் அதனோடு சேர்ந்து போகும். இந்த விதியை ஏற்க மனமில்லாவிட்டால் மேலே வாசிக்கவேண்டாம், கடையில் ஒரு கப்பி வாங்கி வளர்ப்பதும் வேண்டாம்.

1. எந்த மீன் உங்கள் வீட்டில் கொள்ளும்?

குஞ்சின் அளவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வளர்ந்தால் எவ்வளவு வரும் என்பதைப் பாருங்கள்.

கப்பி: ஆண் 3 சென்ரிமீற்றர், பெண் 5 முதல் 6 சென்ரிமீற்றர். இரண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி போதும். அது விளிம்புவரை 56 லீற்றர், பாவனைக்கு 50. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல மீன் இல்லை.

கம்பூசியா: கப்பியின் அளவுதான். ஆனால் மற்ற மீன்களின் செட்டையைக் கடித்துக் கிழிக்கும். தனியாகத்தான் வைக்கவேண்டும்.

பாம்புத்தோல் குராமி: 20 சென்ரிமீற்றரைத் தாண்டும். 3 × 1½ × 1½ அடித் தொட்டி (190 லீற்றர்) வேண்டும்.

திலாப்பியா: மொசாம்பிக் இனம் 30 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடியது, நைல் இனம் 60 சென்ரிமீற்றர் வரை போகும். 190 லீற்றர் தொட்டியில் ஒரு குஞ்சை ஒரு வருடம் வைக்கலாம். அதன் பிறகு 4 × 2 × 2 அடி (450 லீற்றர்) அல்லது முற்றத்தில் சீமெந்துத் தொட்டி. அதற்கு இடமில்லையென்றால் தொடங்கவே வேண்டாம்.

கடையில் "ராங் கிளீனர்" என்று விற்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்தியை எடுக்கவேண்டாம் என்பதே என் முடிவான கருத்து. விரலளவில் இருப்பது முழங்கை நீளத்துக்கு, 40 சென்ரிமீற்றருக்கு மேலும் வளரும். அது தொட்டியைக் கழுவுவதைவிட அழுக்காக்குவதே கூட. கட்லா, ரோகு, புல் கெண்டைக் குஞ்சுகளும் வீட்டுத் தொட்டிக்கு உரியவை அல்ல. அவை பெரும்பாலும் குளத்துக்காரர் காசு கொடுத்து விட்ட குஞ்சுகள்.

2. யாரிடம் கேட்கவேண்டும், எதை எழுதிவைக்கவேண்டும்

விவசாயக் குளமென்றால் கமக்கார அமைப்பிடம் கேளுங்கள். அந்தக் குளத்தில் மீன்குஞ்சு விட்டிருந்தால் நன்னீர் மீன்பிடிச் சங்கமும் இருக்கும், அவர்களிடமும் கேட்கவேண்டும். தேசிய நீர்உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, அதாவது எல்லோரும் சொல்லும் நக்டா, எந்தக் குளத்தில் என்ன இனம் விட்டது என்று தெரிந்த அலுவலகம். இனங்காணவும் அந்தத் தகவல் உதவும். ஆரியகுளம் போல மாநகரசபையின் பராமரிப்பில் உள்ள குளங்களில் சபையின் அனுமதியில்லாமல் கைவைக்காதீர்கள். கோவில் தீர்த்தக் கேணியில் அனுமதி கேட்கவும் வேண்டாம், விட்டுவிடுங்கள். சுண்டிக்குளம் தேசியப் பூங்காவுக்குள் எந்த உயிரினத்தையும் பிடிக்கக்கூடாது.

வாய்ச்சொல் அனுமதி போதும் என்று இருந்துவிடாதீர்கள். திகதி, இடம், எத்தனை மீன், எதற்காக என்று நாலு வரி எழுதி, பொறுப்பானவரின் கையெழுத்தோடு ஒரு பிரதி வைத்திருங்கள். கரையில் யாராவது மறித்துக் கேட்டால் காட்டலாம்.

சட்டத்தில் இரண்டு விடயங்கள் தெரிந்திருக்கவேண்டும். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டம் நஞ்சும் வெடியும் பாவித்து மீன் பிடிப்பதைத் தடைசெய்கிறது. உள்ளூர் மீன் இனங்கள் பலவற்றைத் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கிறது. வெளிநாட்டு மீன் என்று நினைத்து உள்ளூர் மீனைத் தூக்கிவந்தால் வில்லங்கம் அங்கேதான் வரும். ஐயமிருந்தால் பிடித்த இடத்திலேயே, அந்த நிமிடமே விட்டுவிடுங்கள்.

கிணற்று மீன் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரெபன்சி என்ற நுளம்பு 2016 இல் மன்னாரிலும் அதன் பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்டது. அது கிணற்றில் முட்டையிடும். அதனால் புழு தின்னும் மீன்களைச் சுகாதாரப் பகுதியினர் கிணறுகளில் விட்டிருக்கிறார்கள். பாழடைந்த கிணற்றில் கப்பி துள்ளுகிறது என்று வாளி விட்டு அள்ளாதீர்கள். அந்த மீன் ஊரின் காவலுக்கு விட்டது.

3. தொட்டியும் தண்ணீரும், ஐந்து கிழமைக்கு முன்பே

எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கடினத்தன்மை கூட, காரத்தன்மையும் கூட. கப்பி, திலாப்பியா இரண்டுக்கும் அது பிடித்தமான தண்ணீர். தண்ணீரை மென்மையாக்குகிறேன் என்று இரசாயனம் ஊற்றிக் காசைக் கரைக்கவேண்டாம். கண்ணாடியில் படியும் வெள்ளைக் கறையை வினாகிரி தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

ஆனால் அதே தண்ணீரில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும், அதில் ஒன்றுதான் கொடிய நஞ்சு. 30 பாகை வெப்பத்தில், தண்ணீரின் காரத்தைக் காட்டும் பீ.எச். அளவு 7 ஆக இருந்தால் அந்த நச்சு வடிவம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பீ.எச். 8 ஆனால் நூற்றுக்கு ஏழுக்கு மேல். ஏறக்குறைய பத்து மடங்கு. வேறிடத்தில் எழுதிய குறிப்பைப் பார்த்து "அமோனியா கொஞ்சம்தானே" என்று விட்டால், இங்கே அந்தக் கொஞ்சமே செவுளை எரித்துவிடும்.

அதனால்தான் தொட்டியைப் பழுக்கவைக்கவேண்டும். வடிகட்டியை ஓடவிட்டு, 50 லீற்றருக்கு ஒரு பச்சை இறாலைச் சிறு வலைப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். அது அழுகி அமோனியா ஏறும். பிறகு அதிலிருந்து உண்டாகும் நைத்திரைற்று என்ற இன்னொரு நஞ்சு ஏறும், பிறகு இரண்டும் இறங்கும். எங்கள் வெப்பத்தில் மூன்றிலிருந்து ஐந்து கிழமை எடுக்கும். இறால் கரைந்த பிறகு ஒரு சிட்டிகை மீன்தீன் போட்டு, 24 மணி நேரம் கழித்துப் பரிசோதனைப் பெட்டியில் இரண்டும் பூச்சியம் காட்டினால் தொட்டி தயார். ஓடிக்கொண்டிருக்கும் நோயில்லாத தொட்டியிலிருந்து பழைய வடிகட்டிப் பஞ்சு கிடைத்தால் பாதிக் காலத்தில் முடியும். அந்தப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள்.

மீனில்லாமல் கிழமைக் கணக்கில் நிற்கும் தண்ணீர் நுளம்புக்கும் தொட்டில். நுளம்புப் பெருக்கத் தடுப்புக்கென்று 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து புழுவைக் கண்டால் "மீனுக்கு வைத்தது" என்ற பதில் எடுபடாது. நுளம்பு வலையால் இறுக்கி மூடுங்கள்.

தண்ணீர் எடுப்பதில் நாலு கண்ணிகள் உண்டு.

முதலாவது, அப்போதுதான் இறைத்த கிணற்றுத் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, கரியமிலவாயு கூட. ஓர் இரவு காற்றுக்கல் போட்டு வைத்த பிறகே பாவியுங்கள்.

இரண்டாவது, வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். அயல் கிணற்றுக்குப் போட்டதும் உங்கள் காதுக்கு வராமல் போகலாம். அந்தக் கிழமைகளில் தண்ணீரை மணந்து பாருங்கள், குளோரின் பரிசோதனைத் தாள் இருந்தால் தொட்டுப் பாருங்கள். குழாய்த் தண்ணீருக்கும் இதே கவனம். 100 லீற்றருக்கு 1 கிராம் சோடியம் தயோசல்பேற்று வழமையான குளோரின் அளவைப் போக்கும். மீன் கடையில் "ஹைப்போ" என்று கேட்டால் தருவார்கள்.

மூன்றாவது நைத்திரேற்று (மேலே சொன்ன நைத்திரைற்று வேறு, இது வேறு). வலிகாமத்துத் தோட்ட நிலங்களில், சுன்னாகம், கோண்டாவில் பக்கங்களில், உரம் இறங்கி நைத்திரேற்றுக் கூடிய கிணறுகள் பல. தொட்டியில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் காட்டுகிறது என்று பதறித் தண்ணீர் மாற்றுவார்கள். திரும்ப 50 தான் காட்டும், கிணற்றிலேயே 50 என்றால் எத்தனை வாளி மாற்றியும் இறங்காது. முதல் நாளே கிணற்றுத் தண்ணீரை அளந்து எழுதிவையுங்கள். கூடவாக இருந்தால், முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் கூரையில் பிடித்த தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். மணி பிளான்ற் கொடியின் வேரைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டால் அது நைத்திரேற்றை உறிஞ்சும். பரிசோதனைப் பெட்டி நைத்திரேற்றைக் காட்டுகிறதா, அதிலுள்ள நைதரசனை மட்டும் காட்டுகிறதா என்பதையும் வடிவாக வாசியுங்கள். இரண்டாவது வகையென்றால் வரும் எண்ணை 4.4 ஆல் பெருக்கவேண்டும்.

நாலாவது, கரையோரக் கிணறுகளின் உவர். கப்பிக்கும் திலாப்பியாவுக்கும் அது பரவாயில்லை. தண்ணீரிலுள்ள குளோரைட்டு நைத்திரைற்று நஞ்சைத் தணிக்கவும் செய்யும். செடி வளர்ப்பதாக இருந்தால்தான் இடைஞ்சல்.

சூடாக்கி இங்கே தேவையில்லை. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே தண்ணீர் 32 பாகையைத் தாண்டும், அப்போது ஒட்சிசன் குறையும். அதற்குக் காற்றுப் பம்பும் நிழலும்தான் மருந்து. புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டியை இரண்டு மூன்று கிழமை நிரப்பி நிரப்பி வெளியேற்றுங்கள். புதுச் சீமெந்தின் காரம் மீனைக் கொல்லும்.

4. கரையில் நின்றே இனங்காணுங்கள்

நிறத்தை நம்பாதீர்கள். பயந்த மீன் வெளிறும், சேற்றுத் தண்ணீர் மீன் கறுக்கும். செட்டையையும் முள்ளையும் பாருங்கள்.

அதற்கு ஒரு சிறு சாமான் வேண்டும்: பக்கங்கள் தட்டையான, கைப்பிடியளவு கண்ணாடி அல்லது தெளிந்த பிளாஸ்ரிக் பெட்டி. வெளிப்பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை ஒட்டுங்கள். அரைவாசி தண்ணீர் விட்டு மீனை இறக்கி, பின்னாலிருந்து நனைந்த பிளாஸ்ரிக் தகடொன்றால் மெதுவாக முன்கண்ணாடிப் பக்கம் ஒதுக்குங்கள். நிழலில் வைத்து ஐந்து நிமிடம் பொறுத்தால் மீன் ஆறிச் செட்டையை விரிக்கும். அப்போது நேர் பக்கவாட்டில் படம் எடுங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் எவராலும் இனம் சொல்லமுடியாது.

*திலாப்பியாவா, உள்ளூர் எற்றோபிளசா?* பலர் தடுமாறும் இடம் இதுதான். இரண்டும் அகன்ற உடல், முதுகில் முள், உடலில் குறுக்குப் பட்டை. வயிற்றுக்குப் பின்னாலுள்ள குதச் செட்டையின் முள்ளை எண்ணுங்கள். திலாப்பியாவுக்கு வழமையில் மூன்று. உள்ளூர் எற்றோபிளசுக்குப் பன்னிரண்டும் அதற்கு மேலும். குஞ்சிலும் இது தெரியும், படத்தைப் பெரிதாக்கினால் எண்ணிவிடலாம். திலாப்பியாக் குஞ்சின் முதுகுச் செட்டையின் பின்பகுதியில் ஒரு கறுத்தப் பொட்டும் இருக்கும், ஆனால் அது வளர வளர மறையும். முள்ளே நிச்சயமான சான்று. முள் மூன்று என்று தெரிந்த பிறகு வாலைப் பாருங்கள். வால் செட்டை முழுக்க மேலிருந்து கீழாகக் கோடுகள் ஒழுங்காக ஓடினால் நைல் இனம். இல்லையென்றால் மொசாம்பிக். இரண்டும் கலந்த கலப்பும் உண்டு, அதைக் கண்ணால் பிரிக்க முயன்று நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

*கப்பியா, கம்பூசியாவா, உள்ளூர் அப்லோகீலசா?* மேலிருந்து பாருங்கள். தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னினால் அது அப்லோகீலஸ், உள்ளூர் மீன், உடனே விடுங்கள். அதற்கு வாய் மேல்நோக்கி, தலை தட்டை, குதச் செட்டை நீளம். ஆணின் குதச் செட்டை ஊசிபோல் நீண்டிருந்தால் அது குட்டி போடும் இனம், அதாவது கப்பி அல்லது கம்பூசியா. முதுகுச் செட்டை குதச் செட்டைக்கு நன்றாகப் பின்னால் தொடங்கி, வாலில் சிறு கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் கம்பூசியா. கண்ணுக்குக் கீழே மை வழிந்ததுபோல் ஒரு கறையும் பலதில் தெரியும். கப்பிப் பெண்ணின் வால் வெறுமையாக இருக்கும், ஆணின் உடலில் செம்மஞ்சளும் கறுப்புப் பொட்டும் இருக்கும். வாய்க்காலில் வாழும் கப்பிக்குக் கடைக் கப்பியின் விசிறி வால் இருக்காது. அதைத் தேடி ஏமாறாதீர்கள்.

*குராமியா, உள்ளூர்ச் சிறு மீனா?* இரண்டுக்கும் மார்புக்குக் கீழே நூல்போல் செட்டை தொங்கும். முதுகுச் செட்டையின் அடி குட்டையாக, நடுமுதுகில் மட்டும் நின்றால் வெளிநாட்டுக் குராமி. முதுகில் நீளத்துக்கு ஓடினால், வாலடியில் கறுப்புப் பொட்டோடு 6 சென்ரிமீற்றருக்குள் நின்றுவிட்டால், அது உள்ளூர் சூடோஸ்பிரோமெனஸ். பாம்புத்தோல் குராமிக்குக் கண்ணிலிருந்து வாலடிவரை உடைந்து உடைந்து ஒரு கறுத்தக் கோடு ஓடும்.

*கெண்டைக் குஞ்சுகள்.* சாதாரண கெண்டைக்கு முதுகுச் செட்டை நீளம், கிளைத்த கதிர்கள் பதினேழுக்கு மேல். உள்ளூர்க் கெண்டைகளின் முதுகுச் செட்டை குட்டை, கதிர்கள் எட்டளவு. மீசையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், உள்ளூர் இனங்கள் சிலவற்றுக்கும் மீசை உண்டு.

*மீசை மீன்கள்.* இதில் கைவிடவே சொல்வேன். உள்ளூர்ச் சுங்கானின் மார்புமுள் நஞ்சுள்ளது. ஆபிரிக்கக் கெளுத்தியையும் இலங்கைக்கே உரிய கெளுத்தியையும் குஞ்சில் பிரிப்பது தொடங்குபவருக்கு இயலாத காரியம். சுங்கான் குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் அரை மணிக்கு மேல் கையை வைத்திருங்கள், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

5. பிடிப்பதும் கொண்டுவருவதும்

நல்ல காலம் தையிலிருந்து பங்குனிவரை. வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்திருக்கும். கார்த்திகை, மார்கழியில் ஓடும் தண்ணீரில் இறங்குவது ஆபத்து. ஆடி, ஆவணியில் வழுக்கையாறு போன்ற இடங்கள் குட்டை குட்டையாக வற்றி, மீன் ஏற்கனவே மூச்சுத்திணறிக்கொண்டிருக்கும். அந்த மீன் வீடு வந்து இரண்டு நாளில் சாகும்.

வயல் தண்ணீரிலும் தேங்கிய தண்ணீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் குடித்தது. காலில் கையில் கீறல் இருந்தால் இறங்கவே வேண்டாம். இல்லாவிட்டாலும் றப்பர் சப்பாத்துப் போடுங்கள். ஒரு கிழமைக்குப் பிறகு காய்ச்சல் வந்தாலும் வைத்தியரிடம் தண்ணீரில் இறங்கியதைச் சொல்லுங்கள்.

மென்மையான சிறுகண் வலை போட்ட கை அத்தாங்கு போதும். கரப்புக் குத்தியோ தூண்டில் போட்டோ பிடித்த மீனுக்கு வாயும் செதிலும் காயப்பட்டிருக்கும், அதில் பூஞ்சணம் பிடிக்கும். விடியற்காலை பிடித்து, வெயில் ஏறமுதல் வீடு வந்துவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு காற்று என்று பையைக் கட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணமென்றால் மூடியுள்ள வாளியும் பற்றரிக் காற்றுப் பம்பும். முதல் தடவைக்கு ஆறு கப்பி அல்லது ஒரு திலாப்பியா. அதற்கு மேல் எடுக்காதீர்கள்.

தொண்டைமானாறு போன்ற உவர் நீரில் பிடித்ததை நேரே நல்ல தண்ணீரில் போடவேண்டாம். பிடித்த தண்ணீரில் ஒரு கானும் கொண்டுவந்து, இரண்டு மூன்று நாளில் ஆறுதலாக மாற்றுங்கள்.

6. நாலு கிழமை தனிமை

கொண்டுவந்த மீனை நோய் இருக்கிறதா என்று பார்க்க முதலில் தனித் தொட்டியில் வையுங்கள். அதற்கு வேண்டியவை: 50 லீற்றர் பிளாஸ்ரிக் தொட்டி, பழுத்த பஞ்சு வடிகட்டி, ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு, மேலே இறுக்கமான மூடி. காட்டு மீன் முதல் மூன்று நாளும் துள்ளும்.

பை கட்டியிருந்த நேரம் நீண்டிருந்தால், அதைத் திறந்துவிட்டு ஆறுதலாகத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருக்காதீர்கள். மூடிய பையில் பீ.எச். இறங்கியிருக்கும், அமோனியா தேங்கியிருந்தாலும் பெரிதாகத் தாக்காது. திறந்ததும் கரியமிலவாயு வெளியேறி பீ.எச். ஏறும், அமோனியா நஞ்சாகும். வெப்பத்தை மட்டும் 15 நிமிடம் சரிப்படுத்தி, மீனை வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. அதை மண்ணில் ஊற்றுங்கள்.

பார்க்கவேண்டியவை: உப்புக்கல் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி, உடலில் நூல்போல் தொங்கும் நங்கூரப் புழு, தட்டையாக ஒட்டி நகரும் மீன் பேன், குதத்திலிருந்து வெளியே நீளும் சிவப்பு இழை, கல்லில் உரசிக்கொள்ளல், ஒரு பக்கச் செவுளை மட்டும் அசைத்து மூச்சுவிடல்.

வெள்ளைப் புள்ளிக்கு உப்பே நல்லது. லீற்றருக்கு 3 கிராம், 50 லீற்றருக்கு 150 கிராம் கல்லுப்பு. மூன்றாகப் பிரித்து, 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை கரைத்து ஊற்றுங்கள். புள்ளி மறைந்த பிறகும் பத்து நாள் அப்படியே விடுங்கள். மருந்து வேலைசெய்வது உடலிலிருந்து உதிர்ந்து தண்ணீரில் நீந்தும் குஞ்சுக் கிருமிமேல்தான், மீனின் தோலுக்குள் இருப்பதை அது தொடாது. மூன்றாம் நாளே தண்ணீரை மாற்றி உப்பை எடுத்துவிடுவதால்தான் திரும்ப வருகிறது.

கொண்டீஸ் (பொற்றாசியம் பேர்மங்கனேற்று) போட்டுத் தண்ணீரை ஊதாவாக்கும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. எங்கள் காரத் தண்ணீரில் அது பழுப்பாகப் படிந்து செவுளை அடைக்கும். மில்லிகிராம் அளக்கும் தராசு இல்லாவிட்டால் தொடவேண்டாம்.

தொட்டிக்குள் கைவிடும்போது காயமிருந்தால் கையுறை போடுங்கள். தொட்டித் தண்ணீரிலுள்ள ஒரு வகைப் பற்றீரியா விரலில் மாதக்கணக்கில் ஆறாத கட்டியை உண்டாக்கும். தனிமைத் தொட்டிக்கு வேறு வலை, வேறு வாளி.

7. தீன்

குளத்து மீனுக்கு உருண்டைத் தீன் சாப்பாடாகத் தெரியாது. முதல் இரண்டு நாள் ஒன்றும் போடாதீர்கள். பிறகு மண்புழுவையோ பச்சை இறாலையோ பொடியாக நறுக்கிச் சிறிதளவு. ஐந்தாம் நாளிலிருந்து உருண்டையை அந்த இறால் சாற்றில் ஊறவைத்துக் கலந்து போடுங்கள். பத்து நாளில் பழகிவிடும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்காததை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். நுளம்புப் புழு வளர்த்துப் போடும் யோசனை வேண்டாம், காரணம் மேலே சொன்ன சட்டம். பழகிய பிறகு கிழமைக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும்.

8. காசு எங்கே போகும்

பெரிய செலவு தொட்டியும் தாங்கியும். அடுத்தது வடிகட்டி, அதற்கடுத்தது பரிசோதனைப் பெட்டி. ஆட்கள் மிச்சம்பிடிப்பது இந்த மூன்றாவதில், பிழை நடப்பதும் அதனால்தான். அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று, பீ.எச். நான்கும் உள்ள சொட்டுமருந்துப் பெட்டி வாங்குங்கள். முடிவுத் திகதியைப் பார்த்து வாங்குங்கள்.

வெளிநாடு போகிறவர்கள் விற்றுவிட்டுப் போகும் பழைய தொட்டி மலிவாகக் கிடைக்கும். சமதரையில் வைத்து நிரப்பி 48 மணி நேரம் ஒழுக்குப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். 190 லீற்றர் தொட்டி கல்லும் கண்ணாடியும் சேர்ந்து 250 கிலோவை எட்டும். பலகை மேசையில் வைக்கவேண்டாம்.

மின்சாரம்: 15 வாற்று வடிகட்டி இரவுபகலாக ஓடினால் மாதம் 11 அலகளவு, 4 வாற்றுக் காற்றுப் பம்பு 3 அலகு. உங்கள் மாதப் பாவனை கட்டண எல்லைக்குக் கிட்ட நின்றால் இந்த 14 அலகு அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடும். அப்படியென்றால் காற்றுப் பம்பில் ஓடும் பஞ்சு வடிகட்டியே கெட்டித்தனம். சில மணி நேரம் மின் நின்றுபோனால் மூடிய வகை வடிகட்டிக்குள் பற்றீரியா செத்து அழுகும். மின் வந்ததும் அப்படியே ஓடவிடாமல், உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

9. மாரிக்கு முன்பும், மீன் பெருகிய பிறகும்

ஐப்பசி பிறக்கமுதல் முற்றத்துத் தொட்டியைப் பாருங்கள். வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேல் விளிம்பு இருக்கவேண்டும். தண்ணீர் விளிம்புக்கு 15 சென்ரிமீற்றர் கீழே நிற்க, அந்த மட்டத்தில் ஒரு வழிவுக்குழாய் வைத்து, அதன் வாய்க்குத் துருப்பிடிக்காத சிறுகண் வலை கட்டுங்கள். வலை அடைபட்டால் தண்ணீர் விளிம்பால் வழியும், ஆகவே ஒவ்வொரு பெருமழைக்கும் போய்க் குப்பை எடுக்கவேண்டும். தாழ்ந்த காணியென்றால் மாரி முழுக்க மீனை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். ஒரு வெள்ளம் போதும், உங்கள் திலாப்பியா வாய்க்காலுக்குப் போய்விடும்.

கப்பி மாதத்துக்கு ஒரு தடவை குட்டி போடும். திலாப்பியாப் பெண் முட்டையை வாய்க்குள் அடைகாக்கும், நெருக்கமான தொட்டியில் 10 சென்ரிமீற்றரிலேயே பருவமாகிவிடும். கப்பியில் ஆண் மட்டும் வைத்திருங்கள், திலாப்பியாவில் ஒன்றே ஒன்று. ஆண்களோடு சேர்த்துப் பிடித்த பெண் கப்பி ஏற்கனவே சினையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக வைத்தாலும் மாதக்கணக்கில் குட்டி போடும்.

மாற்றும் தண்ணீரை வாழைக்கு ஊற்றுங்கள், மதகுக்கோ வடிகாலுக்கோ ஊற்றாதீர்கள். துணியால் வடித்து ஊற்றினால் குட்டி தப்பாது.

மிஞ்சிய மீனைக் கொடுப்பதாக இருந்தால், நீங்கள் எழுதிவைத்த குறிப்பின் பிரதியோடு கொடுங்கள்: என்ன இனம், எங்கே எப்போது பிடித்தது, எவ்வளவு வளரும், வெளியே விடக்கூடாது. மருந்து படாத பெரிய திலாப்பியாவைக் கறிக்கு எடுக்கலாம். எடுக்க ஆளில்லாத மீனையும் தேறாத நோய் மீனையும் வலியில்லாமல் முடிக்கவேண்டும். ஒரு சிறு போத்தலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு கராம்பு எண்ணெயை விட்டு, பால்போல் வெள்ளையாகும்வரை குலுக்குங்கள். மீன் இருக்கும் தொட்டித் தண்ணீரில், லீற்றருக்கு 0.4 மில்லிலீற்றர் எண்ணெய் என்ற கணக்கில் அதைக் கலந்துவிடுங்கள். மீன் சாய்ந்து செவுள் அசைவு நின்ற பிறகும் குறைந்தது பத்து நிமிடம் அதிலேயே விடுங்கள், சாய்ந்ததும் எடுத்தால் மயக்கம் தெளிந்துவிடும். பிறகு கிணற்றிலிருந்து தள்ளி, நாய் கிளறாத ஆழத்தில் புதைத்து, அந்தத் தண்ணீரையும் அதே குழியில் ஊற்றி மூடுங்கள்.